சின்னச் சபைக்குப் புதிதாக வருகிறவருக்கு

இடமாற்றம் கிடைத்து யாழ்ப்பாணத்துக்கு வந்த வங்கி ஊழியர், திருமணம் முடித்து இந்தப் பக்கம் வந்த மட்டக்களப்புப் பெண், முப்பது வருடம் கனடாவில் இருந்துவிட்டுப் பழைய வீட்டைத் திறந்து கூட்டிக் குடியேறியிருக்கும் ஓய்வூதியக்காரர்: எங்கள் சபைக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படிப்பட்டவர்கள்தான். எல்லாரும் முதலில் கேட்பது ஒரே கேள்வி. "ஞாயிறு ஆராதனை எத்தனை மணிக்கு?" நான் திருப்பிக் கேட்பேன்: "எத்தனையாம் ஞாயிறு?"

கிண்டலுக்காகக் கேட்பதில்லை. எங்கள் போதகருக்கு மூன்று ஆலயங்கள். முதலாம் ஞாயிறு ஏழரைக்கு எங்களிடம், ஒன்பதரைக்குப் பக்கத்து ஊரில். இரண்டாம் ஞாயிறு அது தலைகீழ். மூன்றாம் ஞாயிறு அவர் வரமாட்டார். சபையாரில் ஒருவர் ஆராதனையை நடத்துவார். பெரிய சபையில் ஞாயிற்றுக்கிழமையைத் தெரிந்து வைத்திருந்தால் போதும். சின்னச் சபையில் மாதத்தைத் தெரிந்திருக்க வேண்டும். அதனால் இந்தக் குறிப்பையும் மாதக் கணக்கில் எழுதுகிறேன்.

நான் வலிகாமத்தில் ஒரு தென்னிந்தியத் திருச்சபை ஆலயத்தின் செயலாளராகப் பல வருடம் இருந்தவன். பதிவேட்டில் நாற்பது குடும்பங்கள். முப்பத்தைந்து பேர் வந்தால் அதை நல்ல கூட்டம் என்போம். மெதடிஸ்த, அங்கிலிக்கன் சபைகளில் பெயர்கள் சில மாறும், மாதத்தின் போக்கு ஏறக்குறைய இதுதான். கத்தோலிக்கப் பங்குகளின் ஒழுங்கு வேறு. அதை எழுத வேண்டியவர்கள் அவர்கள்.

வளவுக்குள் வருமுன்

மூத்தவர்கள் வாயில் 'மிசன்' என்ற சொல் அடிக்கடி வரும். மிசன் வளவு, மிசன் கிணறு, மிசன் பள்ளிக்கூடம். 1816இல் இங்கு வந்த அமெரிக்க மிசனரிமார் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் தொடங்கி ஊர் ஊராக ஆலயமும் பாடசாலையும் வைத்தார்கள். உடுவில் மகளிர் பாடசாலை 1824இலும் 'உதயதாரகை' பத்திரிகை 1841இலும் அவர்கள் கையால் வந்தவை. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அந்த மரபு அதில் இணைந்து யாழ். ஆதீனமானது (ஒரு பேராயரின் கீழுள்ள பகுதி), முதல் பேராயர் சபாபதி குலேந்திரன். இங்குள்ள மெதடிஸ்தரும் அங்கிலிக்கரும் அந்த இணைப்பில் சேரவில்லை. ஒரே வீதியில் மூன்று சீர்திருத்த ஆலயங்களைக் கண்டு இவர்கள் சண்டை பிடித்துப் பிரிந்தவர்களோ என்று கேட்கும் புதியவருக்கு இதுதான் பதில். பிரிந்ததல்ல, சேராமல் விட்டது.

இதைத் தெரிந்துகொள்வதில் நடைமுறைப் பயனும் உண்டு. 1960களின் தொடக்கத்தில் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோது பல ஊர்களில் ஆலயமும் பள்ளிக்கூடமும் ஒரே வளவுக்குள் இரண்டு நிர்வாகமாகின. எங்கள் ஊரிலும் அப்படித்தான். பெரிய படலை பாடசாலைக்குரியது, ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருக்கும். பூட்டைப் பார்த்துத் திரும்பிப் போன புதியவர்கள் எனக்குத் தெரிந்தே நான்கு பேர். பக்கத்து ஒழுங்கையால் வாருங்கள். சின்னப் படலை திறந்திருக்கும்.

முதலாம் ஞாயிறு

மணி இரண்டு தடவை அடிக்கும். முதல் மணி அரை மணி நேரம் முந்தி, இரண்டாவது தொடங்கும்போது. முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் இடையில் வருவது நல்லது, மரத்தடியில் நாலு பேருடன் பேசலாம். வாசலில் செருப்புகள் கிடந்தால் நீங்களும் கழற்றுங்கள், கிடக்காவிட்டால் தேவையில்லை. ஆலயத்துக்கு ஆலயம் இது மாறும்.

எங்கே உட்காருவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். முந்நூறு பேர் இருக்கக்கூடிய மண்டபத்தில் முப்பத்தைந்து பேர். முன்வாங்குகள் வெறுமையாக இருக்கின்றன. நல்ல எண்ணத்தோடு போய் முன்னால் உட்கார்ந்துவிடுவீர்கள். வேண்டாம். வலப்பக்கம் மூன்றாவது வாங்கில் ஒரு குடும்பம் மூன்று தலைமுறையாக இருந்தது. 1995இன் இடப்பெயர்வில் வன்னிக்குப் போனவர்கள், பிறகு கொழும்பு, பிறகு இலண்டன். இன்றைக்கும் யாரும் அதில் உட்காருவதில்லை. சட்டம் எதுவும் இல்லை. கூட்டுகிறவர் அதையும் துடைத்துத்தான் வைக்கிறார். சில மாதம் போனபின் யாராவது ஒரு ஆச்சி உங்களை "இங்கே வந்து இரும்" என்று கைகாட்டி அழைப்பார். அதுவரை நடுப்பகுதி பாதுகாப்பானது. பழைய ஆலயங்களில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் இருக்கும் வழக்கமும் இன்னும் உண்டு, பார்த்து நடந்துகொள்ளுங்கள்.

'இரும்', 'வாரும்', 'எந்த ஊர் நீர்' என்றெல்லாம் பெரியவர்கள் பேசினால் மரியாதைக் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். யாழ்ப்பாணத்தில் 'நீர்' என்பது 'நீங்கள்' என்பதற்கும் 'நீ' என்பதற்கும் நடுவில் பாய் விரித்து வைத்த இடம். அதில் உங்களை இருத்திவிட்டார்கள் என்றால் பாதிச் சொந்தம் ஆகிவிட்டீர்கள். நீங்கள் திருப்பி அவர்களை 'நீர்' என்று அழைக்காமல் இருந்தால் சரி.

முதலாம் ஞாயிறு திருவிருந்து. திடப்படுத்தல் பெற்றவர்கள் முழந்தாளிட்டு அப்பமும் இரசமும் பெறுவார்கள். வேறு சபையிலிருந்து வருகிறவர் சனிக்கிழமைக்குள் போதகருடன் ஒரு வார்த்தை பேசிவிடுவது முறை. பெறாதவர்கள் வாங்கிலேயே இருக்கலாம், அல்லது முன்னால் போய்த் தலை குனிந்தால் ஆசி கூறுவார். எதைச் செய்தாலும் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அப்படிப் பார்ப்பவர் ஒருவர் ஒவ்வொரு சபையிலும் உண்டு. அவரைப் பொருட்படுத்த வேண்டாம். இரசத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: திராட்சை இந்த மண்ணில் விளைகிறது, தோலகட்டிக் கத்தோலிக்க ஆச்சிரமத்துத் திராட்சரசமும் நெல்லிரசமும் ஊரறிந்தவை. எங்கள் சபையில் ஒரு அக்கா சொந்தக் கொடியின் பழத்தைக் காய்ச்சி, புளிக்காத சாறாகக் கொண்டுவருவார்.

பாட்டுக்கு இரண்டு புத்தகம் வேண்டும். ஞானப்பாட்டு ஒன்று, கீர்த்தனை ஒன்று. இரவல் கேட்டால் தருவார்கள், ஆனால் மூன்றாம் மாதமும் இரவல் கேட்டால் முகம் மாறும்.

ஆராதனை முடியுமுன் அறிவித்தல்கள் வரும். இதைக் கவனமாகக் கேளுங்கள், மாதத்தின் உயிர் இதற்குள் இருக்கிறது. அந்த மாதத்துப் பிறந்தநாள், திருமணநாள், நினைவுநாள் எல்லாம் வாசிக்கப்படும். ரொறன்ரோவில் இருக்கும் பேரனின் பிறந்தநாளுக்கு இங்கே பாட்டி நன்றிக் காணிக்கை வைப்பார், அன்றைய தேநீர் அவர் கணக்கு. நான் செயலாளரான புதிதில் இரண்டு தாள்களையும் மாற்றி எடுத்து, எண்பது தாண்டிய ஒரு மாமியின் பெயரை நினைவுநாள் பட்டியலில் வாசித்துவிட்டேன். சபை உறைந்துபோய்விட்டது. பின்வாங்கிலிருந்து அவர் எழுந்து, "தம்பி, நான் இன்னும் போகவில்லை" என்றார். அதற்குப் பிறகு அவர் ஏழு வருடம் இருந்தார். ஒவ்வொரு முதலாம் ஞாயிறும் நான் தாளை எடுக்கும்போது தொண்டையைச் செருமிக் காட்டுவார். உங்கள் வீட்டு நாட்களைச் செயலாளரிடம் எழுதிக் கொடுங்கள். எழுதித்தான் கொடுக்க வேண்டும், வாயால் சொல்லக்கூடாது.

முக்கியமான ஆலோசனை ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதல் மாதம் எந்தப் பதவியையும் ஏற்காதீர்கள். உங்களுக்குப் பாட வரும், கணக்கு வரும் என்று தெரிந்துவிட்டால் இரண்டாம் வாரமே வந்து பிடிப்பார்கள். சின்னச் சபையில் ஆள் பஞ்சம். கை உதவி எவ்வளவு வேண்டுமானாலும் செய்யுங்கள், பெயர்ப் பொறுப்பு மட்டும் வேண்டாம். மாதம் ஒரு சுற்றுச் சுற்றி வருவதைப் பார்க்காமல் பொறுப்பெடுத்தவர்கள் ஆறாம் மாதத்தில் ஆலயப் பக்கமே வராமல் போனதைக் கண்டிருக்கிறேன்.

இரண்டாம், மூன்றாம் ஞாயிறுகள்

இரண்டாம் ஞாயிறு பெண்கள் சங்கத்துக்கு. வேதபாடம் வாசிப்பதும் ஜெபம் நடத்துவதும் அவர்களே. பிரசங்கமும் பல தடவை அவர்களே. என்னைக் கேட்டால் மாதத்தின் நல்ல பிரசங்கம் அன்றைக்குத்தான். யாழ்ப்பாணத்து மிசன் சபைகளில் பிடியரிசி என்றொரு பழைய வழக்கம் உண்டு. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக ஒரு பேணியில் போட்டு வைத்து ஊழியத்துக்குக் கொடுப்பது. எங்கள் சபையில் அந்தப் பேணிகள் இரண்டாம் ஞாயிறு மேசைக்கு வரும். சிவப்புப் பச்சையரிசி, சம்பா, கடையில் வாங்கிய வெள்ளை அரிசி எல்லாம் ஒரே சாக்கில் கலக்கும். அதைச் சமைத்தால் ஒன்று குழையும், ஒன்று வேகாது. ஆகவே ஏலத்தில் விற்று, அந்தப் பணத்தில் படிக்கும் பிள்ளைகளுக்குக் கொப்பி வாங்குகிறோம். கோழி வளர்க்கும் ஒருவர்தான் வழமையாக எடுப்பார். பேணி வைக்கவில்லையே என்று புதியவர் கூச்சப்பட வேண்டியதில்லை. அடுத்த மாதம் வைக்கலாம்.

மூன்றாம் ஞாயிறு வாலிபருக்கும் ஞாயிறு பாடசாலைக்கும். சொல்ல அதிகமில்லை. பிள்ளைகள் ரியூசனுக்குப் போய்விடுகிறார்கள், பரீட்சை வருடம் என்றால் முகத்தையே காணமுடியாது. பிள்ளைகளோடு வருகிறவர்கள் ரியூசன் ஆசிரியரிடம் நேர அட்டவணை கேட்கும்போதே ஞாயிறு காலை ஒன்றரை மணி நேரத்தை விலக்கிக் கேளுங்கள். பிறகு மாற்றுவது கடினம். ஐந்தாம் ஞாயிறு வரும் மாதங்களில் மூன்று ஆலயமும் ஒன்றாகக் கூடும். அன்றைக்கு எங்கே என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வாரநாள்: வீட்டு ஜெபக்கூட்டம்

புதன்கிழமை மாலை வீட்டுக்கு வீடு சுழற்சியாக நடப்பது. ஒரு பாட்டு, ஒரு வேதபாடம், சுற்றி வர ஜெபம், தேநீர். ஒரு மணி நேரம். சபையோடு உண்மையாக ஒட்டுவது இங்கேதான். ஞாயிறு ஆராதனையில் முகம் தெரியும். புதன்கிழமை விறாந்தையில்தான் யாருடைய மகன் எந்த நாட்டில் விசாவுக்குக் காத்திருக்கிறான், யாருக்குச் சத்திரசிகிச்சை, யார் யாருடன் பேசுவதில்லை என்பது தெரியும்.

ஆனால் இதற்குள் ஒரு புழு இருக்கிறது. பலகாரம். ஒரு வீட்டில் தேநீரும் அவித்த கடலையும் வைப்பார்கள். அடுத்த வீட்டில் வடை. அதற்கடுத்த வீட்டில் றோல்ஸ், கட்லட், கேக். மாதம் முடியுமுன் சாப்பாட்டுப் பந்தி. எங்கள் சுழற்சியிலிருந்து ஒரு குடும்பம் சத்தமில்லாமல் விலகியது. கேட்டால் 'வீட்டில் திருத்த வேலை' என்றார்கள். வீட்டில் ஒரு கல்லும் அசையவில்லை. தகப்பன் கூலி வேலைக்காரர். இருபத்தைந்து பேருக்கு றோல்ஸ் வாங்க வழியில்லை, கடலை வைக்க வெட்கம். 'தேநீரும் ஒரு பலகாரமும் மட்டும்' என்று நிர்வாகக் குழுவில் மூன்று தடவை தீர்மானம் நிறைவேற்றினோம். மூன்று தடவையும் அதை மீறியவர்கள் தீர்மானத்துக்குக் கை உயர்த்தியவர்களே. வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்தவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள்: உங்கள் முறை வரும்போது கடலை வையுங்கள். நீங்கள் வைத்தால் அது எளிமை. அந்தத் தகப்பனும் அடுத்த முறை தலைநிமிர்ந்து வைப்பார்.

நாலாம் வாரம்: நடமாட முடியாதவர்கள்

நாலாம் ஞாயிறு ஆராதனை முடிந்தபின் போதகர் வீடுகளுக்குத் திருவிருந்து கொண்டுபோவார். எங்கள் பட்டியலில் ஒன்பது பேர். பிள்ளைகள் எல்லாரும் வெளிநாட்டில். வீட்டில் தாயும் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணும். ஓட்டோ அல்லது கார் வைத்திருக்கும் புதியவர் இந்த நாளில் சபைக்குத் தங்கம். அழைத்தால் மறுக்காமல் போங்கள்.

போகும்போது செய்ய வேண்டியது: பாட்டுப் புத்தகம் எடுங்கள், வெறுங்கையோடு போகாமல் இதரை வாழைப்பழம் நாலு வாங்குங்கள், கதிரையைக் கட்டில் அருகே இழுத்துப் போட்டு இருங்கள். நின்றுகொண்டு பேசாதீர்கள், நிற்பவர் புறப்படப் போகிறவர் என்று அவர்களுக்குத் தெரியும். பாட்டின் முதல் அடியை மெதுவாகத் தொடங்குங்கள். நேற்று வந்தவரின் பெயரை மறந்தவர்கள் அறுபது வருடத்துக்கு முந்திய கீர்த்தனையின் மூன்றாம் சரணத்தைத் தப்பில்லாமல் பாடுவார்கள். நாங்கள்தான் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருப்போம்.

பௌர்ணமிப் போயா நாள் பெரும்பாலும் மாதம் ஒன்று வரும், எல்லாருக்கும் விடுமுறை. அதை உபவாச ஜெபத்துக்கோ வளவு துப்புரவுக்கோ எடுப்பது எங்கள் பழக்கம். துப்புரவு என்றால் பிற்பகல் கூழ் உண்டு. ஒடியல் மாவுக் கூழ் குடித்துப் பழகாதவர் முதல் கோப்பையோடு நிறுத்துங்கள்.

இடையில் ஒரு செத்தவீடு

மேலே சொன்ன ஒழுங்கெல்லாம் ஒரு நொடியில் நின்றுபோகும். வாரநாள் காலையில், நேரமில்லாத நேரத்தில், மணி விட்டு விட்டு அடித்தால் சபையில் யாரோ காலமாகிவிட்டார்கள். அன்றைக்கு வீட்டு ஜெபம் இல்லை, குழுக் கூட்டம் இல்லை, பாட்டுப் பயிற்சி அடக்க ஆராதனைக்கு மட்டும். புதியவர் சபைக்குள் வருவதற்கு இதைவிடப் பெரிய வாசல் எனக்குத் தெரிந்து இல்லை. ஆகவே விவரமாகச் சொல்கிறேன்.

முதலில், தெரியாதவர் வீடு என்று போகாமல் இருக்காதீர்கள். அழைப்பு வராது, செத்தவீட்டுக்கு அழைப்பு என்பது இல்லை. போய்ச் சேர்ந்ததும் உள்ளே போய்க் குடும்பத்தாருக்கு முகம் காட்டுங்கள். வார்த்தை தேட வேண்டாம், கையைப் பிடித்தால் போதும். பிறகு வெளியே வந்து வேலை இருக்கிறதா என்று பாருங்கள். இருக்கும். வாடகைக் கதிரை இறக்க வேண்டும், பந்தலுக்குக் கயிறு பிடிக்க வேண்டும், சேமக்காலையில் குழி வெட்டுகிறவருக்குத் தேநீர் கொண்டுபோக வேண்டும்.

அந்த வீட்டில் அடுப்பு எரியாது. அயலவர்தான் தேநீரும் சாப்பாடும் கொண்டுவருவார்கள், அவர்களில் பெரும்பாலானோர் சைவர்கள். எங்கள் ஊரில் கிறிஸ்தவ வீட்டுச் செத்தவீட்டில் பந்தல் காலை நட்டு, இரவிரவாக விழித்திருந்து, பெட்டி தூக்க முதலில் தோள் கொடுப்பவர்கள் பல தடவை பக்கத்து வீட்டுச் சைவப் பொடியன்கள். ஒருமுறை புதிதாக வந்த ஒருவர் அவர்களை வரிசையாக நிறுத்திச் சுவிசேஷம் சொல்லத் தொடங்கிவிட்டார். எனக்கு உடம்பு கூசியது. தோளில் பெட்டி இருக்கும் மனிதனிடம் வாயால் சொல்ல என்ன இருக்கிறது? அவர்கள் வீட்டில் துக்கம் நடந்தால் நீங்களும் அதிகாலையே போய்க் கதிரை இறக்குங்கள். அதுதான் இங்கே கணக்கு.

மகனோ மகளோ வெளிநாட்டிலிருந்து வரும்வரை அடக்கம் இரண்டு மூன்று நாள் தள்ளிப்போகும். ஒவ்வொரு மாலையும் வீட்டில் ஜெபம் நடக்கும், இரவுக்குப் பாட ஆள் தேவை. அடக்கப் பாட்டுகள் நாலைந்துதான். அவற்றை மட்டுமாவது முதல் மாதத்திலேயே பாடமாக்கி வையுங்கள். பந்தலில் மின்சாரம் நின்றால் புத்தகம் உதவாது. பிறகு 31ஆம் நாள் நினைவு ஜெபம் வரும். முதல் நாள் ஐந்நூறு பேர் வந்த வீட்டுக்கு இடைப்பட்ட நாட்களில் வருகிறவர்கள் குறைவு. பத்தாம் நாள், பதினைந்தாம் நாள் சும்மா ஒருமுறை போய் வாருங்கள். தேநீர் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். போட்டுத் தருவதும் அவர்களுக்கு ஒரு வேலை.

மாத முடிவு

காணிக்கையை எப்போதும் இருவர் சேர்ந்தே எண்ண வேண்டும். எழுதி இருவரும் ஒப்பமிட வேண்டும். உங்களை எண்ண அழைத்தால் அது நம்பிக்கையின் அடையாளம், போங்கள். எண்ணிய தொகையை வெளியில் சொல்லாதீர்கள், உறையில் யார் எவ்வளவு வைத்தார் என்பதை வீட்டிலும் சொல்லாதீர்கள். மாதச் சந்தா உங்களால் இயன்றது. பெரிய தொகை கொடுக்க எண்ணினால் பொருளாளரிடம் பற்றுச்சீட்டு வாங்குங்கள். பற்றுச்சீட்டு கேட்டால் குறை நினைப்பார்களோ என்று தயங்க வேண்டாம், கேட்காவிட்டால்தான் பின்னால் குறை வரும்.

ஆண்டின் பெரிய நாட்கள் இந்த மாதச் சுற்றின் மேல் ஏறி வரும். தைப்பொங்கலுக்குப் பல ஆலய வளவுகளில் பொங்கும். உயிர்த்தெழுந்த பண்டிகைக்கு முந்திய தபசு காலத்தில் வீட்டு ஜெபங்கள் இரட்டிக்கும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களுக்குள் பெரிய நிகழ்ச்சி எதையும் வைக்காதீர்கள்: வீதி மூடியிருக்கும், ஒலிபெருக்கிக்காரர் கிடைக்கமாட்டார். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு கட்டு முருங்கைக்காயை ஒருவர் சந்தை விலைக்குப் பல மடங்கு கொடுத்து எடுப்பார். எடுத்துவிட்டுத் திரும்ப ஏலத்துக்கே வைப்பார், இன்னொருவர் எடுப்பார். விலை பைத்தியக்காரத்தனம் என்று புதியவர் நினைப்பார். ஆலயக் கூரை ஓடு மாற்றும் பணம் அந்த முருங்கைக்காயிலிருந்துதான் வருகிறது. நத்தாருக்கு முந்திய இரவுகளில் கரோல் போகும்போது மழைக்காலம். நல்ல சப்பாத்து வேண்டாம்.

மாதம் ஒன்று முடிந்துவிட்டது. இனி ஒரு பொறுப்பு எடுக்கலாம் என்று தோன்றினால் சனிக்கிழமைத் துப்புரவிலிருந்து தொடங்குங்கள். மாலை நாலு மணிக்கு வாருங்கள். திறப்பு எதிர்வீட்டு ஆச்சியிடம் இருக்கும், "ஆலயத் திறப்பு" என்று கேட்டால் தருவார், பத்து நிமிடம் பேசிவிட்டுத்தான் தருவார். தும்புத்தடி பின்னறைக் கதவுக்குப் பின்னால். கிணற்று மோட்டாரின் சுவிட்ச் தளர்ந்து கிடக்கிறது, கை ஈரமாக இருக்கும்போது தொடாதீர்கள். முதலில் வாங்குகளைத் துடைத்து, பிறகு தரையைக் கூட்டுங்கள். வலப்பக்கம் மூன்றாவது வாங்கையும் துடையுங்கள்.